விதையில்லாப் புல்

புயல் முடிந்த பின் சேதத்தைக் கணக்கெடுப்பவர்கள் நெல்லை எழுதிக்கொள்கிறார்கள், கரும்பை எழுதிக்கொள்கிறார்கள், முறிந்த வாழையையும் சாய்ந்த சவுக்கையும் எழுதிக்கொள்கிறார்கள். புல்லை எழுதிக்கொண்ட ஒருவரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. புல் தானாக முளைப்பது, தானாகச் சாவது, அதற்கு என்ன கணக்கு என்ற எண்ணம் பொதுவாகவே நம் எல்லோரிடமும் இருக்கிறது. இத்தனைக்கும் அந்த முப்பது சென்ட் புல்லை நம்பித்தான் எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரிகிறது. அந்தப் புல்லின் சாவையும் மறுநடவையும் பற்றிய சிறு குறிப்பு இது. இலக்கியம் பேசும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். அண்ணன் தம்பி இருவர். ஒருவர் நிலத்தில் இருக்கிறார். மற்றவர் திண்டிவனத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிறார், விடுமுறை நாட்களில் மட்டும் மண் மிதிக்கிறார். இதில் எது யாருடைய நினைவு, எது யாருடைய சொல் என்று இப்போது பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஆகவே ‘நாங்கள்’.

ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், சமவெளிக்கு நடுவே தனியாக ஒரு பாறைமலை தெரியும். மேலே முக்யாசலேஸ்வரர் கோயிலும் இடிந்த கோட்டைச் சுவர்களும் இருக்கின்றன. ஆங்கிலேயர் தம் ஏடுகளில் ‘பெர்மாக்கோயில்’ என்று எழுதிவைத்தது இந்த இடத்தைத்தான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1760இல் அவர்கள் இதைக் கைப்பற்றினார்கள். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு, சிறுபாணாற்றுப்படையின் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் எல்லைக்குள் இருந்த நிலம் இது. அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிப்போயிற்று. இத்தனை பெருமையும் மலையின் மேலேயும் ஏட்டின் உள்ளேயும் இருக்கின்றன. மலையின் கீழே எங்களுக்கு இருப்பது கொஞ்சம் கழனி, கொஞ்சம் கொல்லை, ஒரு மாட்டுக்கொட்டகை.

மலைப்பக்கத்து மேட்டிலிருந்து கிழக்கே சரியும் நிலம் எங்களுடையது. மேட்டில் மல்லாட்டை, நடுவில் புல், தாழ்வில் நெல் என்று அப்பா வகுத்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் ஓடைகளாகக் கழுவேலிக்குப் போகும். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதே கழுவேலிதான். தண்ணீர் போக வேண்டிய திசையைப் பற்றி இந்த நிலத்தில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. போகவிட வேண்டியவர்களிடம்தான் சிக்கல் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

*

2024 நவம்பர் 30, கார்த்திகை அமாவாசை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே இரவில் கரையைக் கடந்தது. கரையைக் கடந்த புயல் உள்நாட்டுக்குள் போய்க் கரைவதுதான் வழக்கம். இதுவோ கடந்த இடத்திலேயே பல மணி நேரம் நின்றுவிட்டது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் எங்களுக்கு மேற்கே அதிக தூரமில்லாத மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவாயிற்று; புதுச்சேரியில் ஏறத்தாழ 48 செ.மீ. ஓராண்டுக்குச் சற்றேறக்குறைய 100 செ.மீ. மழை பெறும் வட்டாரம் இது. பாதி ஆண்டின் மழை ஒரே இரவில் கொட்டித் தீர்ந்தது.

காற்றுக்கு நாங்கள் பழகியவர்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறிய தானே புயலைப் பார்த்திருக்கிறோம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு பெயர்ந்து கிடந்த காலம் அது. அப்போதும் எங்கள் புல் படுத்தது. ஆனால் தண்ணீர் இரண்டே நாளில் வடிந்தது, புல்லும் எழுந்தது. இம்முறை தண்ணீர் ஆறு நாள் நின்றது.

புல் என்றால் கோ-4. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கம்பு நமக்குப் பழகிய தானியம், நேப்பியர் ஆப்பிரிக்காவின் யானைப்புல். இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய இந்தப் புல்லை ஒருமுறை நட்டால் 75, 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒன்றாக ஆண்டில் ஏழு, எட்டு அறுப்பு. 60க்கு 50 செ.மீ. இடைவெளியில் நட்டால் சென்ட்டுக்கு 135 தூர் பிடிக்கும். எங்கள் முப்பது சென்ட்டில் நாலாயிரம் தூர்கள். அதன் ஓரமாக மூன்று சென்ட்டில் குதிரைமசால், வரப்பில் அகத்தி. கறவை மூன்று, கிடேரி ஒன்று, கன்று இரண்டு. இது ஒரு நிறைவான சிறு கணக்கு. கறவை ஒன்றுக்கு நாளொன்றுக்கு இருபது கிலோவுக்குக் குறையாமல் பசும்புல்லும், கூடவே வைக்கோலும், கொஞ்சம் தவிடு பிண்ணாக்கும் கொடுத்துவந்தோம். கணக்கு கடன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 1 காலையில் புல் இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு குளம் இருந்தது. வைக்கோல் போர் அடிவரை ஊறிப்போயிருந்தது. மேலே காய்ந்தாற்போல் தெரிந்த கட்டுகளைப் பிரித்தால் உள்ளே வெண்பூஞ்சை. பூஞ்சை பிடித்த வைக்கோலைப் போட்டால் மாடு நோய்ப்படும், நஞ்சு பாலிலும் இறங்கும் என்பதால் பாதிப் போரைக் குப்பைக்குழியில் தள்ளினோம். அகத்தி இரண்டு நாள் வந்தது. அதன் பிறகு கரும்புத் தோகை வாங்கிப் போட்டோம். மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தன. எட்டு லிட்டர் கறந்த மாடு ஒரு வாரத்தில் நாலரைக்கு இறங்கிற்று.

பதினோராம் நாள் கிடேரியை விற்றோம்.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததே அதனால்தான். தண்ணீர் வடிந்த புல்வெளி கருகிய நாணல் போலக் கிடந்தது. இலைகளில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. தாள்கள் அழுகி நாறின. ‘எல்லாம் போச்சு’ என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நாலாயிரம் தூரும் போயிற்று என்றால் அடுத்த நாலு மாதத்துக்குப் பசும்புல் இல்லை; ஒரு வாயைக் குறைத்தாக வேண்டும். சினைப் பருவத்துக்கு இன்னும் சில மாதங்களே இருந்த கிடேரி அது, எங்கள் வீட்டிலேயே பிறந்தது. அந்த வாரம் சுற்றுவட்டாரம் முழுக்க மாடு விற்றுக்கொண்டிருந்தது. வீட்டு வாசலுக்கே வந்த வியாபாரி அதைத் தெரிந்துகொண்டே விலை சொன்னார். அம்மா பேரத்தில் கலந்துகொள்ளவில்லை. கயிற்றை மாற்றும்போது மட்டும், பழைய கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தார்.

பாதிக்கப்பட்ட நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு, சேதம் 33 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், உயிரிழந்த மாட்டுக்கு 37,500 ரூபாய் என அரசு அந்த நாட்களில் நிவாரணம் அறிவித்திருந்தது. செத்த மாட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. புல் இல்லாமல் விற்ற மாடு எந்தக் கணக்கிலும் வராது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விற்றது நாங்கள்தானே.

*

மார்கழி பிறந்து ஐந்தாறு நாள் கழிந்த ஒரு காலையில் அம்மா கேட்டார்: “தூரப் பொளந்து பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. தானே புயலுக்குப் பிறகு அப்பா செய்த முதல் வேலை அதுதான் என்று அம்மா நினைவுபடுத்தினார். மேலே பார்த்து முடிவு செய்யாதே, மண்ணுக்குக் கீழே பார் என்பது அப்பாவின் பாடம். 2021இல் அவர் போனபின் மண்வெட்டி எங்களிடம் வந்தது. அந்தப் பாடம் வந்து சேரவில்லை போலும்.

முப்பது சென்ட்டையும் மேடு, நடு, தாழ்வு என்று பத்துப் பத்தாகப் பிரித்தோம். நன்றாக இருப்பதையோ மோசமாக இருப்பதையோ கண் தேடிப் போகக்கூடாது என்பதற்காக, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராக நடந்து, மூன்று எட்டுக்கு ஒரு தூராக, பகுதிக்கு நாற்பது தூர் தோண்டிப் பார்த்தோம். ஓரத் தாளை ஒன்று பிய்த்து, அடிக்கிழங்கைக் கத்தியால் நெடுக்கே பிளக்க வேண்டும். உள்ளே வெண்மையாக, விரலால் அழுத்தினால் கெட்டியாக, பச்சை மணத்தோடு இருந்தால் உயிர். பழுப்பேறி, நார் நாராகப் பிரிந்து, சாராய நெடி அடித்தால் சாவு. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தாலும் சாவுதான். இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் அழுகி மறுபக்கக் கணுவில் வெள்ளை வேர் விட்டுக்கொண்டிருந்தவையும் இருந்தன. அவற்றை உயிர்க் கணக்கில் சேர்த்தோம்.

மேட்டில் நாற்பதுக்கு முப்பத்தாறு உயிர். நடுவில் இருபத்திரண்டு. தாழ்வில் ஐந்து.

ஆக நூற்றிருபதுக்கு அறுபத்து மூன்று. பாதிக்குச் சற்று மேல். எல்லாம் போச்சு என்று நாங்கள் எழுதி மூடிய கணக்கில் பாதி உயிரோடு இருந்தது. கம்பு நேப்பியர் வெயில் விரும்பும் புல். மார்கழிக் குளிரிலும் பனியிலும் அது மெல்லத்தான் தலைதூக்கும். தலைதூக்காததையெல்லாம் செத்தது என்று எண்ணிவிட்டோம். கணக்கெடுத்த அன்று எங்களில் ஒருவர் குறிப்பேட்டில் கூட்டிக்கொண்டிருக்க, மற்றவர் கொட்டகையில் காலியாக இருந்த முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் முன்னதாக மண்வெட்டி எடுத்திருந்தால் கிடேரியை விற்றிருக்க வேண்டியதில்லை.

இந்தத் தவறு உலகில் எங்களுடையது மட்டுமல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். வட அமெரிக்காவின் குளிர்நாட்டு மாநிலங்களில் குதிரைமசால்தான் முதன்மையான தீவனப் பயிர். அங்கே உழவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் பனிக்காலச் சேதத்தைக் கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கும் சொல்லப்படும் அறிவுரை இதுவே: அவசரப்பட்டு உழுதுவிடாதே, செடியைத் தோண்டு, வேரைப் பிளந்து பார். கூடவே ஓர் எண்ணிக்கையும் சொல்கிறார்கள். சதுர அடிக்கு 55 தண்டுக்கு மேலிருந்தால் விளைச்சல் குறையாது. 40க்குக் கீழே இறங்கினால் மாற்றுப்பயிருக்குப் போய்விடுவது நல்லது. எங்களை வியக்க வைத்தது வேறொன்று. அங்கே செடிகள் கடுங்குளிரால் மட்டும் சாவதில்லை. உருகிய பனி மீண்டும் உறைந்து நிலத்தின்மேல் கண்ணாடித் தகடுபோல மூடிக்கொள்ளும்போது, அதன் அடியில் காற்றில்லாமல் மூச்சடைத்தும் சாகின்றன. எங்கள் புல்லையும் கொன்றது தண்ணீரின் எடையோ வேகமோ அன்று. மண்ணின் துளைகளில் காற்று இருந்த இடத்தில் எல்லாம் தண்ணீர் புகுந்து ஆறு நாள் நின்றதுதான். அங்கே பனித்தகடு, இங்கே சேற்றுக்குளம். சாகும் வகை ஒன்றுதான்.

எங்கள் குதிரைமசாலைப் பிளந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. மூன்று சென்ட்டும் முழுக்கப் போயிருந்தது. கையால் இழுத்தாலே வந்தது. தேங்கும் நீரை ஒருநாளும் தாங்காத பயிர் அது. குதிரைமசால் செத்த இடத்தில் உடனே குதிரைமசாலை விதைக்கவும் கூடாது. முந்தைய செடி மண்ணில் விட்டுப்போகும் பொருட்கள் அதே இனத்தின் இளநாற்றை வளரவிடாது.

*

முடிவுகள் எளிதாக வந்தன. மேட்டை அப்படியே விடுவது. நடுவில் செத்த தூர்களைப் பெயர்த்துவிட்டு இடைவெளி நிரப்புவது. தாழ்வை உழுதுவிட்டு, ஈரத்துக்கு அஞ்சாத நீர்ப்புல்லை வைப்பது. இழந்த கோ-4க்கு ஈடாக மேட்டுக் கொல்லையில் மல்லாட்டையிலிருந்து பத்து சென்ட் பிடுங்கிக்கொள்வது. இடைவெளிக்கும் புதுநடவுக்கும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் கரணை வேண்டும்.

கரணைக்கு எங்கே போவது?

இங்கே அந்தப் புல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கம்புக்கும் நேப்பியருக்கும் பிறந்த இந்த ஒட்டு, மலடு. பூக்கும், முளைக்கும் விதை கொடுக்காது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாடெங்கும் தெரிந்த டி.எம்.வி. மணிலா ரகங்களின் முதலெழுத்துகள் எங்கள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. மல்லாட்டை விதை போனால் வாங்கிவிடலாம், மூட்டை கட்டி வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இந்தப் புல்லை அப்படிச் சேமித்து வைக்க முடியாது. இரண்டு கணுக்கள் கொண்ட தண்டுத் துண்டை வெட்டி நட்டால்தான் உண்டு. ஊரில் நிற்கும் ஒவ்வொரு தூரும் இன்னொரு தூரின் துண்டு. அதைத் தக்கவைக்க ஒரே வழி, பலருடைய நிலத்தில் அது இருப்பதுதான்.

அப்பா 2010இல் செய்யூர்ப் பக்கத்து உறவினர் ஒருவரிடமிருந்து இருநூறு கரணையைச் சாக்கில் கட்டி, பேருந்தின் மேலே போட்டுக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கத் தொடங்கினார். கரணை ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்பவர்கள் அப்போது இருந்தார்கள். நாங்களும் வைக்கச் சொன்னோம். “புல்லுக்கா காசு?” என்பார். எங்களுக்கு அது பெருந்தன்மையாகத் தோன்றவில்லை. பிழைக்கத் தெரியாமையாகத் தோன்றியது.

வெள்ளத்துக்குப் பிறகு விசாரித்ததில், வாங்கியவர்களில் பலருடைய புல் எங்களுடையதைப் போலவே தாழ்வில் மூழ்கிப்போயிருந்தது. மலையடியில் மேட்டுக் கொல்லையில் மட்டும் முற்றிய புல் ஆளுயரம் நின்றது. அது சித்தப்பாவுடையது. அப்பாவின் பங்காளி. பத்தாண்டுக்கும் மேலாக எங்களுக்கும் அவருக்கும் பேச்சு இல்லை.

காரணம் ஒரு வாய்க்கால். எங்கள் நிலத்துக்கும் அவருடைய தாழ்நிலத்துக்கும் நடுவே ஓடையை நோக்கிப் போகும் வடிகால் அது. ஒருமுறை தூர் வாரிய மண்ணை எந்தப் பக்கத்து வரப்பில் போடுவது என்று தொடங்கிய பேச்சு, ஒரு முழ நிலத்தின் உரிமையில் போய் முடிந்தது. அதன்பிறகு அவரும் வாரவில்லை, நாங்களும் வாரவில்லை. வாரினால் அது அவருடைய வாய்க்கால் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என இரு வீட்டாரும் நினைத்தோம். வேலிக்காத்தானும் சம்பும் முளைத்து வாய்க்கால் மேடாயிற்று. 2024 டிசம்பரில் தண்ணீர் ஆறு நாள் நின்றது அதனால்தான். ஐம்பது செ.மீ. மழைக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டு நாளில் போயிருக்க வேண்டிய தண்ணீர் கூடுதலாக நான்கு நாள் நின்றதற்கு நாங்களும் பொறுப்பு. இதையும் அந்தக் குறிப்பேட்டில் எழுதினோம்.

யார் போய்க் கேட்பது என்று நாங்கள் இருவரும் நான்கு நாள் விவாதித்தோம். புதுச்சேரிப் பக்கம் போய் விலைக்கு வாங்கிவிடலாம் என்று முடிவும் செய்தோம். பொங்கல் முடிந்த மறுவாரம் அம்மா எங்களிடம் சொல்லாமல் போய்விட்டார். நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவோம். சித்தப்பா திண்ணையில் இருந்தாராம். கால்வலியால் மாடுகளை முந்தைய ஆண்டே விற்றுவிட்டிருந்தார். புல் அறுக்க ஆளில்லாமல் முற்றிக் கிடந்தது. அம்மா வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறார். “உங்க ஊட்டுப் புல்லுதான அண்ணி. எவ்ளோ வேணுமோ அறுத்துக்கினு போங்க” என்றாராம். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் போய் வெட்டினோம். காற்றில் சாய்ந்து மண்ணைத் தொட்ட தாள்களில் கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. நடுவதற்கு இதைவிட நல்ல கரணை கிடையாது. இரண்டாயிரத்து நூறு வெட்டிக் கட்டுக் கட்டாக வண்டியில் ஏற்றினோம். சித்தப்பா வரவில்லை. தூரத்துப் பனையடியில் குடையோடு நின்றார். வெட்டும் உயரம் சரியில்லை என்று ஒருமுறை கத்தினார். தரையோடு வெட்டாமல் அரை அடி விட்டு வெட்டியிருந்தோம். அடியோடு வெட்டினால்தான் புதுத்தாள் வலுவாக வரும் என்பது அப்பாவும் சொல்வதுதான்.

*

நடுவதற்கு முன் வாய்க்கால். தை மாதம் இரண்டாம் வாரத்தில் நாங்கள் மண்வெட்டியோடு இறங்கியபோது சித்தப்பா வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து, “ஒரு நாள் கூலி அவுரு தர்றாராம்” என்று சொல்லி எங்களோடு இறங்கினார். அள்ளிய மண்ணை எந்த வரப்பில் போடுவது என்ற கேள்வி மீண்டும் வந்தது. இரண்டு பக்கமும் போடாமல் எங்கள் தாழ்வுக் கழனியின் பள்ளத்தில் கொட்டினோம். முழ நிலத்தின் உரிமை இன்றுவரை தீரவில்லை. அது யாருடையதாக இருந்தாலும் அதன் வழியே இப்போது தண்ணீர் போகிறது.

புது நடவைப் பார்களின் சரிவில் வைத்தோம். ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. நடுப்பகுதியில் இடைவெளி நிரப்பும்போது உயிரோடிருந்த பழைய தூர்களையும் தரையோடு அறுத்துவிட்டோம். இல்லாவிட்டால் அவற்றின் நிழலில் புதுக்கரணை எழாது. மக்காச்சோளத்தையும் தட்டைப்பயறையும் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையாக, மேட்டில் இன்னொரு துண்டில் மார்கழிக் கடைசியிலேயே விதைத்திருந்தோம். அறுபது நாளில் அறுத்துப் போட அது கைகொடுத்தது. குதிரைமசால் இருந்த இடத்தில் வேலிமசால். அதன் விதைக்கு மேல்தோல் கெட்டி. கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்தால்தான் முளைக்கும். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். நிமிடத்தை வாய்விட்டு எண்ணினார்.

2025 சித்திரைப் பிறப்பை ஒட்டி முதல் அறுப்பு அறுத்தோம். முதல் கட்டை எந்த மாட்டுக்குப் போடுவது என்று பேச்சு வந்தபோது யாரும் பதில் சொல்லவில்லை. கறவைகள் பழைய அளவுக்குத் திரும்ப வைகாசியாயிற்று. கிடேரி திரும்பவில்லை. செஞ்சிப் பக்கம் போனதாகக் கேள்வி. இந்நேரம் ஈன்றிருக்கும். அதன் கயிறு எரவாணத்தில் இருக்கிறது.

சித்தப்பா இன்னும் பேசுவதில்லை. ஆனி மாதத்தில் அவர் மருமகன் புதிதாக ஒரு மாடு வாங்கினார். கொல்லையில் முற்றிய புல்லை நாங்கள் வெட்டியபோது வெட்டு சரியாக அமையாததால் மறுதழைவு மெலிந்துவிட்டது, நூறு கரணை வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். நூற்றைம்பதாகக் கொடுத்தோம். எண்ணிக் கொடுத்த அண்ணன் “எவ்வளவு ஆச்சு?” என்று கேட்ட ஆளைப் பார்த்து, அப்பா சொல்லும் அதே இரண்டு சொற்களைச் சொன்னார். பிறகு எங்கள் இருவருக்குமே சற்று வெட்கமாக இருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் மார்கழியில், புயல் வந்தாலும் வராவிட்டாலும், பகுதிக்குப் பத்துத் தூர் தோண்டிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 36, 22, 5 என்ற மூன்று எண்கள் இருக்கின்றன. அதற்குக் கீழே, கிடேரி விற்ற தேதி.